கடற்காட்சிப் படமும் பிறர் கண்ணும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவது வழக்கம். நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன், சிலாங்கூரில் மோரிப், கிழக்குக் கரையில் குவாந்தானை அடுத்த தெலுக் செம்பெடாக் என்று அவரவர் வசதிக்கு ஏற்ற கடற்கரை இருக்கிறது. போன இடத்தில் கைப்பேசியால் பத்து இருபது படங்களும் எடுத்து வருகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வானம் வெள்ளைத் துணி விரித்தாற்போல் இருக்கிறது. முன்னால் நிற்கும் பிள்ளைகளின் முகமோ இருண்டு கிடக்கிறது. இந்தக் குறைகளை எப்படிச் சரி செய்வது, சரி செய்த படத்தைப் பிறரிடம் காட்டி எப்படி மேலும் நல்லதாக்குவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நேரில் கண்ட அழகு படத்தில் ஏன் வருவதில்லை? நம் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது அந்த வெளிச்சத்துக்கு ஏற்பவும், முகத்தைப் பார்க்கும்போது அந்த நிழலுக்கு ஏற்பவும் தன்னை மாற்றிக்கொள்கிறது. கேமராவோ முழுக் காட்சிக்கும் பெரும்பாலும் ஒரே அளவில் வெளிச்சத்தை வாங்குகிறது. கடற்கரையில் வானம் மிகப் பிரகாசம். மனிதர்களும் பாறைகளும் அதைவிடப் பல மடங்கு மங்கல். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று கெடுகிறது.

இது கைப்பேசியோடு பிறந்த குறை அன்று. பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் இருந்தார். ஓவியம் பயின்றவர். அவர் காலத்தில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசைப்பொருளைப் பூசி, அதை ஒளியுணர் தட்டாக்கிப் படம் எடுத்தார்கள். அந்தத் தட்டு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கும். ஆகவே கடல் தெளிவாக விழும்படி எடுத்தால், வானம் ஒன்றுமில்லாத வெளுப்பாகிவிடும். 1857-ஆம் ஆண்டில், பிரான்சின் தென்கரையில் உள்ள சேத் என்ற ஊரில் எழுந்த பெரிய அலையை அவர் படமாக்கினார். கடலுக்கு ஒரு தட்டும் வானத்துக்கு வேறொரு தட்டும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு, தொடுவானக் கோட்டில் இணைத்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, எடுத்த படத்தைத் திருத்துவது கைத்தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது என்பது இதனால் விளங்குகிறது அல்லவா? அவர் கண்ணாடியிலும் தாளிலும் பாடுபட்டதை இன்று நாம் விரல் நுனியால் செய்கிறோம்.

திருத்தம் தொடங்குமுன் ஒரு காரியம் செய்ய வேண்டும். மூலப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நகலில்தான் கை வைக்க வேண்டும். கெட்டுப்போனால் மறுபடியும் தொடங்க மூலம் இருக்கும்.

முதல் வேலை, கடலை மட்டமாக்குவது. மலையும் மரமும் சற்றுச் சாய்ந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் சாய்ந்தால் பொறுக்காது. படத்தைச் சிறிது சுழற்றி, தொடுவானம் படத்தின் மேல் விளிம்போடு ஒத்து ஓடும்படி செய்யுங்கள். அடுத்து, வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள். வானத்தில் நல்ல மேகக்கூட்டம் இருந்தால் தொடுவானம் கீழே இருக்கட்டும். நீர் வற்றிய மோரிப் கரையில் ஈர மணலே அழகாகப் பளபளத்தால் தொடுவானம் மேலே போகட்டும்.

மூன்றாவது வேலை வெளிச்சம். படம் முழுவதையும் ஒரேயடியாக வெளுப்பாக்க வேண்டாம். பிரகாசமான பகுதிகளைக் குறைக்கவும் நிழற்பகுதிகளைக் கூட்டவும் கைப்பேசியில் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. முதலாவதை இறக்கினால் மேகத்தின் உருவம் தெரியும். இரண்டாவதை ஏற்றினால் முகம் தெளியும். ஆனால் வானம் முற்றிலும் வெளுத்துப்போயிருந்தால் அங்கே மீட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே எடுக்கும்போதே, திரையில் வானத்தின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுப்பது நல்லது. கடற்காற்றில் வரும் உப்புத்துளி கேமராவின் கண்ணாடியில் படிந்து படத்தை மங்கலாக்கும். அதை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

கடைசியில்தான் வண்ணம். பலர் இங்கேதான் அளவு மீறுகிறார்கள். பால்மரம் சீவுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். வண்ணத்தைக் கூட்டுவதும் அப்படித்தான். போர்ட்டிக்சன் மாலை வானம் ஆரஞ்சு நிறம்தான். அதற்காக மணலும் பிள்ளையின் சட்டையும் ஆரஞ்சாகிவிடக் கூடாது. இரவில் இருட்டறையில் திருத்திய படத்தை மறுநாள் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னோர் எல்லையும் உண்டு. கண்ட காட்சியைக் கண்டபடி காட்டுவதற்காகத் திருத்துவது வேறு. இல்லாததை உண்டாக்குவது வேறு. கிழக்குக் கரையில் பருவமழைக் காலத்தில் அலை பொங்கும்போது, குளிக்க வேண்டாம் என்று சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். படம் அழகாக இருக்க வேண்டும் என்று அந்தக் கொடியை அழித்துவிட்டு, "வாருங்கள், அருமையான கடல்" என்று உறவினர்களுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதை நம்பிப் பிள்ளைகளோடு புறப்படுகிற குடும்பத்துக்கு ஆபத்து காத்திருக்கும்.

இனி, பிறர் கருத்துக்கு வருவோம். நம் படத்தில் நாம் பார்ப்பது படத்தை மட்டும் அன்று. அன்றைய காற்றும் சிரிப்பும் சேர்ந்தே நம் நினைவுக்கு வருகின்றன. ஆகவே குறை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே வராத ஒருவருக்கு அந்த நினைவு இல்லை. அவர் படத்தை மட்டுமே பார்க்கிறார்.

ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. மகன் தாயிடம் படத்தை நீட்டுகிறான்.

"அம்மா, படம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குய்யா."

இதனால் அவனுக்கு என்ன பயன்? அவன் வேறு விதமாகக் கேட்கட்டும்.

"அம்மா, பார்த்ததும் முதல்ல எது உங்க கண்ணுல பட்டுச்சு?"

"அந்த ஓரத்துல இருக்கிற குப்பைத் தொட்டிதான்யா."

மகன் காட்ட நினைத்தது சூரிய அஸ்தமனம். தாய் கண்டது குப்பைத் தொட்டி. வேலை எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஓரத்தை வெட்டினால் போதும்.

எங்கள் வகுப்பில் மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கிறோம். முதலில் கண் எங்கே போயிற்று? இது எந்த நேரம், எப்படிப்பட்ட பருவநிலை என்று தோன்றுகிறது? எதை எடுத்துவிட்டாலும் படத்துக்குக் குறைவு வராது? பதில் சொல்லி முடியும்வரை, படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. "அது ஏனென்றால்" என்று விளக்கத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார். கேட்டபின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய விருப்பமாக இருக்கலாம். மூன்று பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால், அதை அவசியம் கவனிக்க வேண்டும்.

கருத்துச் சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதுக்குத்தான் போன் வாங்கிக் கொடுத்தோமா?" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை படத்தை மட்டும் ஒளிப்பதில்லை, கட்டுரை நோட்டையும் தேர்வுத் தாளையும் சேர்த்தே ஒளிக்கத் தொடங்கிவிடும். வெறும் புகழ்ச்சியிலும் பிள்ளை வளராது. நன்றாக வந்த இடத்தை முதலில் காட்டி, திருத்த வேண்டிய ஓரிடத்தைச் சொன்னால் போதும். செய்த வேலையைக் காட்டவும், குறையைக் கேட்டு மறுபடி செய்யவும் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எந்தத் தொழிலிலும் கைகொடுக்கும்.

நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில், பாட்டன் பாட்டிக்கு அடையாளக் கார்டுப் படத்தைத் தவிர வேறு படமே இல்லை. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களின் முகம் அந்தச் சிறு சதுரத்தோடு நின்றுவிட்டது. இன்று வீட்டுக்கு வீடு படம் எடுக்கும் கருவி இருக்கிறது. ஆயினும் நூற்றுக்கணக்கான படங்கள் பார்ப்பாரற்றுக் கிடந்து, கைப்பேசி பழுதானதும் அதோடு அழிந்துபோகின்றன. ஆகவே வருகிற விடுமுறையில் எடுக்கும் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் மூவரிடம் கேட்டுத் திருத்துங்கள். கடையில் கொடுத்துத் தாளில் அச்சிட்டு, பின்பக்கத்தில் இடம், ஆண்டு, நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கடலோரத்தில் காலை நனைத்தபடி நிற்கும் உங்கள் தாயாரின் முகம் அதில் தெளிவாகத் தெரியட்டும்.