ஊர்க் கிணறும் கணனி மென்பொருளும்



பிள்ளையின் ஸூம் வகுப்பு, வங்கிக் கணக்கு, கட்டாரில் இருக்கும் கணவரின் முகம்... எல்லாம் இன்று கையடக்கத் தொலைபேசிக்குள் வந்துவிட்டன. இவற்றையெல்லாம் பெரிய கம்பனிக்காரர்களே செய்து தருகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அதில் பாதிதான் உண்மை. அந்தக் கம்பனிகளின் மென்பொருள்களுக்கு அடியில், யார் யாரோ எழுதி எல்லோருக்கும் பொது என்று விட்டுவிட்ட ஆயிரக்கணக்கான சின்ன மென்பொருள்கள் கிடக்கின்றன. திறந்த மூல மென்பொருள் என்பார்கள். எழுதியதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், காசின்றிப் பாவிக்கலாம்.

ஒரு ஹாஜியார் ஊருக்குக் கிணறு தோண்டி வக்ஃபு செய்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அள்ள ஊரே வரும். பாசி எடுக்க, அறுந்த கயிற்றை மாற்ற யார் வருவார்? பர்ளு கிபாயாவைப் பற்றி மத்ரஸாவில் ஓதியிருப்பீர்கள். சிலர் செய்தால் எல்லோரும் தப்பினோம், ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். மென்பொருள் உலகின் நோயும் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் கொள்வார் என்ற எண்ணம்!

2014 ஏப்ரலில் இது வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தில் நாம் கொடுக்கும் கடவுச்சொல்லைப் பிறர் படிக்காதபடி பூட்டி அனுப்பும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற மென்பொருளில் ஓர் ஓட்டை இரண்டு வருடங்களாக இருந்திருக்கிறது. 'ஹார்ட்பிளீட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுமார் ஐந்து இலட்சம் இணையத்தளங்களை அது பாதித்ததாக அப்போது மதிப்பிட்டார்கள். உலகத்து வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்தப் பூட்டுக்கு வருடம் முழுக்க வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர்தான். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகுதான் பெரிய கம்பனிகள் வெட்கப்பட்டுக் காசு சேர்த்தன.

பத்து வருடம் கழித்து வந்தது இதைவிடப் பயங்கரமானது. 'எக்ஸ்.ஸெட்.' என்பது கோப்புகளைச் சுருக்கித் தரும் ஒரு சிறிய மென்பொருள். பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் அதைப் பராமரித்து வந்தார். மனச் சோர்வினால் தன்னால் அதிகம் செய்ய முடியவில்லை என்று அவர் 2022இல் பகிரங்கமாகவே சொன்னார். அப்போது சிலர், 'ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று அவரை நெருக்கினார்கள். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் அன்பாக வந்து உதவினார். இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்தார். கடைசியில் 2024 பெப்ரவரியில், உலகத்துக் கணனிகளுக்குள் இரகசியமாக நுழையும் ஒரு கள்ளக் கதவை அதில் மறைத்து வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றும் வெளிவரவில்லை.

அதைப் பிடித்தது அன்ட்ரஸ் ஃப்ரொய்ண்ட் என்ற பொறியியலாளர். தன் கணனிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று கிண்டிப் பார்த்தார். மார்ச் 29ஆம் திகதி உலகத்துக்கு அறிவித்தார். அல்ஹம்துலில்லாஹ், பெரும்பாலான கணனிகளுக்கு அது பரவுவதற்கு முன்னரே தடுக்கப்பட்டது. அரை விநாடி, சகோதரிகளே! பானையின் கொதிச் சத்தம் மாறினால் அடுப்படிக்கு ஓடும் நமக்கு அந்த மனிதரை விளங்கும்.

களைத்துப் போன ஒருவரைத் தனியே விட்டதுதான் உண்மையான ஓட்டை என்பது என் எண்ணம். சீட்டுப் பிடிக்கும் ராத்தா கணக்கையெல்லாம் தன் மனதிலேயே வைத்திருந்தால், அவர் நோயில் விழும் நாளில் என்ன நடக்கும்? கொப்பியில் எழுதி வைக்க வேண்டும், இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளுக்கும் அதே கதைதான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பிறகே சேர்ப்பது, செய்முறையைப் புதியவருக்கு விளங்க எழுதி வைப்பது, உழைப்பவருக்குக் கூலி கொடுப்பது, கேள்வி கேட்டு வருபவரை ஏளனம் செய்யாமல் இருப்பது. இவை உள்ள மென்பொருளே நீடிக்கிறது.

நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்த நாளை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, அம்பாந்தோட்டைச் சகோதரிகளுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. காணாமற் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே எந்த நிவாரணம் போகிறது என்ற விபரம் ஒரே இடத்தில் இல்லாமல் எல்லோரும் தவித்தார்கள். இலங்கையின் கணனி இளைஞர்கள் தொண்டர்களாகக் கூடி அதற்கென 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்கு நிழலாக நின்றது. திறந்த மூலமாக விட்டதால் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010இல் ஹெயிட்டி பூகம்பத்துக்கும் அது உதவியது. சுனாமியோடு அது மறைந்து போகாததற்குக் காரணம், 2009இல் அதற்கென்றே ஒரு தனி நிறுவனம் அமைத்து, பிற நாட்டவரிடமும் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்ததுதான். கிணற்றுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை வைத்த மாதிரி.

வீட்டிலிருக்கும் நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். தொலைபேசியில் 'அப்டேட்' செய்யச் சொல்லி வருவதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். எங்கோ ஒருவர் ஓட்டையை அடைத்தாலும், நீங்கள் அதை ஏற்றும் வரை உங்கள் தொலைபேசியில் ஓட்டை ஓட்டைதான். ஆனால் குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு ஏற்றாதீர்கள். தொலைபேசியின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் போய்ச் செய்யுங்கள்.

சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண் பிள்ளை இருந்தால், அவளுக்கும் இதில் இடமுண்டு. ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரே ஒஃபிஸ் போன்றவற்றைத் தமிழாக்கியவர்களில் தொண்டர்கள் அநேகர். நல்ல தமிழும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்தால் போதும். வெளியே போக வேண்டியதில்லை, புகைப்படம் கொடுக்க வேண்டியதில்லை. செய்த வேலை அவள் பெயரில் பதிவாகியிருக்கும், நாளை தொழில் தேடும்போது காட்டலாம். முதலில் அனுப்பும் திருத்தம் ஓர் எழுத்துப் பிழையாக இருந்தாலும் பெரும்பாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். இன்னொருவர் அதைச் சரிபார்த்த பிறகுதான்.