பென்டோடு வால்வில் திரைவலையின் பணி

சேலத்தில் 1935-ஆம் ஆண்டு டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அந்நாளில் சேலம், நாமக்கல் சமவெளியில் பேசும்படமாயினும் வானொலியாயினும், மெலிந்த மின்னலையைச் செவிக்கு எட்டும் ஒலியாகப் பெருக்கித் தந்தவை வால்வுகளே. பின்னர் டிரான்சிஸ்டர்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. எனினும் கிதார் ஒலிபெருக்கிகளில் வால்வுகள் இன்றும் ஒளிர்கின்றன. அவற்றுள் பென்டோடு என்னும் ஐம்முனை வால்வில் திரைவலை ஆற்றும் பணியை விளக்க விரும்புகிறேன்.

முதலில் மும்முனை வால்வைப் பார்ப்போம். சூடேறிய கதோடிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களை நேர்மின்னழுத்தமுள்ள தட்டு ஈர்க்கிறது. இடையிலுள்ள கட்டுப்பாட்டு வலையின் அழுத்தம் சிறிது மாறினாலும் மின்னோட்டம் பெரிதும் மாறுகிறது. ஆனால் இதில் இரு குறைகள் உண்டு. ஓட்டம் கூடும்போது தட்டின் அழுத்தம் குறைந்து, ஈர்ப்பும் தளர்வதால் பெருக்கம் குன்றுகிறது. தட்டுக்கும் கட்டுப்பாட்டு வலைக்கும் இடையேயுள்ள மின்தேக்குதிறன் வழியே ஆற்றல் திரும்பி வந்து, உயர் அதிர்வெண்களில் கருவியைச் சீழ்க்கையடிக்கச் செய்கிறது.

இவ்விரண்டிற்கும் மருந்தாகவே திரைவலை அவ்விரண்டிற்கும் நடுவில் அமைக்கப்பட்டது. அதற்கு மாறாத நேர்மின்னழுத்தம் தரப்படுகிறது. ஒரு மின்தேக்கி அதனைத் தரையுடன் இணைத்து, அலைகளால் அந்த அழுத்தம் ஆடாமல் காக்கிறது.

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கேயுள்ள படுகை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அணையைத் தாண்டும் நீரின் அளவை நிர்ணயிப்பது மேற்புற நீர்மட்டமே. கீழே எத்தனை அடி விழுகிறது என்பதன்று. கீழ்ப்புற நீர் அணையின் முகட்டுக்கு மேல் ஏறினால் மட்டுமே ஓட்டம் தடைப்படும். பென்டோடிலும் எலெக்ட்ரான்களை இழுப்பது திரைவலை. தட்டு, தாண்டி வருபவற்றை ஏற்றுக்கொள்கிறது. தட்டின் அழுத்தம் மிகத் தாழ்ந்தாலன்றி ஓட்டம் அதிகம் மாறுவதில்லை. ராஜா வாய்க்காலில் ஒரு பங்கு நீர் பிரிவதுபோல், திரைவலையும் சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது.

தட்டில் மோதும் எலெக்ட்ரான்கள் வேறு எலெக்ட்ரான்களைத் தெறிக்கச் செய்யும். அவை திரைவலையை நாடாதபடி, 1926-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பெர்னார்டு டெல்லெகன் மூன்றாம் வலையொன்றைச் சேர்த்தார். அவ்வாறு பிறந்ததே பென்டோடு.

இ.எல். 84 என்னும் வால்வை எடுத்துக்கொள்வோம். தட்டிலும் திரைவலையிலும் 250 வோல்ட் இருக்கையில், தட்டின் ஓட்டம் 48 மில்லியாம்பியர், திரைவலையினுடையது 5.5 மில்லியாம்பியர். அதாவது திரைவலை ஏறத்தாழ 1.4 வாட் வெப்பத்தைத் தாங்குகிறது. அதன் வரம்பு 2 வாட். ஒலிபெருக்கி மின்மாற்றியின் கம்பி அறுந்து தட்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டால், எலெக்ட்ரான்கள் திரைவலையின்மீதே பாயும். அம்மெல்லிய கம்பி செந்தணலாகி வால்வு கெடும். ஆகவே பழைய கருவியைப் பழுதுபார்க்கும் மாணவர், வால்வை மாற்றுமுன் தட்டின் இணைப்பைச் சோதிக்க வேண்டும். இல்லையேல் புதிய வால்வும் பழையதன் வழியே போகும்.