மணலில் ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுற்றுகிறது?

திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி அவுட்லேண்டருக்கு நான்கு சக்கர இயக்கம் இருந்தது. அதே ஊரில் உருவாகி 2021-இல் வந்த சிட்ரோன் சி5 ஏர்கிராஸ் வெறும் முன்சக்கர இயக்க வண்டி. ஆனாலும் அதில் ‘மணல்’ என்று ஒரு தேர்வு உண்டு. எப்படி?

எஞ்சின் விசையை இரு முன்சக்கரங்களுக்கும் பிரிக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். பழவேற்காட்டு மணலில் ஒன்று வழுக்கிச் சுழன்றால், பிடிப்புள்ள மற்றதற்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். சுழலும் சக்கரத்தை மட்டும் மின்னணுக் கட்டுப்பாடு பிரேக் பிடித்தால், மற்றதற்கு விசை கூடும். இரண்டுமே புதைந்துவிட்டால்? பின்சக்கரங்களும் தள்ளினால் உதவும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் தினமும் போய்வருபவருக்கு நான்கு சக்கர இயக்கம் வீண் எடை, கூடுதல் எரிபொருள். மழையில் பிரேக் தூரத்தையும் அது குறைக்காது. நல்ல டயர் குறைக்கும். எப்போதாவது மணலில் இறங்குபவர் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே பெரும்பாலும் போதும். தார்ச்சாலையில் வேகமெடுக்கும் முன் மறுபடி நிரப்பிவிட வேண்டும்.