ஷிப்ட் மாறினால் ஓட்டம் ஏன் நின்றுபோகிறது?

மறைமலை நகர் தொழிற்சாலைகளில் இந்த வாரம் காலை ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் இரவு. ‘தினமும் ஐந்தரைக்கு ஓடுவேன்’ என்ற சபதம் இங்கே தாக்குப்பிடிக்காது. ஏன்?

மன உறுதி ஆரம்பத்துக்குத்தான் உதவும். ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்கள் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன. பிறகு யோசிக்காமலே கால் கிளம்பும். ஷிப்ட் மாறும்போது அந்தச் சூழல் கலைந்துவிடுகிறது. எனவே ஓட்டத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள். பகல் வேலையா? கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, டிபன் பாக்ஸைத் தொட்டியில் போட்டதும் ஷூ. இரவு வேலையா? பகலில் தூங்கி எழுந்து டீ குடித்ததும் ஷூ.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பது வெறும் கதை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த இடைநிலை மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மதிப்பீடு. நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை. ஓவர்டைம் பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல சேதி வேறில்லை.

வேகம்? பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவு போதும். மூச்சிரைக்க ஓடியவர் மறுநாள் சாக்குத் தேடுவார். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு, தூங்காமல் மட்டும் ஓடாதீர்கள்.