உவர்க்காற்றும் காற்றமுக்கியும்

கிழக்கிலங்கையிலே கல்முனைக் கரையோரமாகச் செல்லும் பெருந்தெருவில், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை சென்று வருவோர்க்குக் கடலும் கடைத்தெருவும் அருகருகே இருத்தல் கண்கூடு. ரயர் ஒட்டுங் கடை, வாகனங் கழுவும் நிலையம், வாகனங்களுக்கு வர்ணம் பூசும் பட்டறை ஆகியவற்றின் வாயிலில், ஒரு தகரத் தாழ்வாரத்தின் கீழோ, பலவிடங்களில் வெறும் வானத்தின் கீழோ, ‘கொம்பிரசர்’ என மக்கள் வழங்கும் காற்றமுக்கி இரைந்துகொண்டிருக்கும். மேற்கே சம்மாந்துறை போன்ற நெல்விளையும் ஊர்களின் அரிசி ஆலைகளிலும் இன்று இதற்கு வேலையுண்டு. நிறம் மாறிய அரிசியைக் கண்டு விலக்கும் பொறி, அதனை ஒரு கணக் காற்றுப் பீச்சினாலேயே வெளியே தள்ளுகின்றது. மருதமுனைக் கைத்தறிக்கு மட்டும் இக்காற்று வேண்டுவதில்லை. அதற்குக் கையும் காலும் போதும்.

இக்கருவியைக் கெடுப்பது யாது என வினவின், மழை என்பர் பலர். மழை புறத்தைத்தான் நனைக்கும். உள்ளே புகுந்து இரும்பைத் தின்பது, நாம் சுவாசிக்கும் வளியிலேயே கலந்துள்ள நீராவியாகும்.

கணக்கு எளிது. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் வளியில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியே அடங்கும். அதற்கு மேற்பட்டது நீராகிவிடும். மாரிக்காலத்துக் கரையோர வளியின் ஈரப்பதன் நூற்றுக்கு 80 எனக் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு கன மீற்றரில் 24 கிராம் ஆவி உண்டு. 1662ஆம் ஆண்டில் றொபேட் பொயில் வெளியிட்ட விதியை நம் மாணவர் நன்கறிவர். அவ்விதிப்படி, வளிமண்டலத்துக்கு மேல் 7 பார் அமுக்கத்தில், எட்டுக் கன மீற்றர் வளி ஒன்றாகச் சுருங்கும். எட்டிலும் இருந்த ஆவி 192 கிராம். சுருங்கிய ஒன்றில் அடங்குவதோ 30 கிராம். அமுக்கும்போது வளி சூடாவதால் முதலில் ஆவி ஆவியாகவே நிற்கும்; குளிர்ந்ததும் எஞ்சிய 162 கிராமும் நீராய் இறங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு கன மீற்றர் வளியை இழுக்கும் அமுக்கி ஓயாது ஓடுமாயின், எட்டு மணி நேரத்தில் ஒன்பது லீற்றருக்கு மேற்பட்ட நீர் சேரும். வானம் ஒரு துளியும் பெய்யாத நாளிலும் ஒரு வாளி நீர்! கச்சான் காற்று வீசும் மாதங்களில் இவ்வளவு குறையும்; வாடை தொடங்கியதும் மீண்டும் கூடும்.

உப்பு இதற்கு உடந்தை. அலைத் திவலையிலிருந்து பிறக்கும் உப்புத் துகள், ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டியதும் தானாகவே நீரை ஈர்த்துக் கரைசலாகும். ஆகவே மழையற்ற இரவிலும் தாங்கியின் புறத்தே துரு வளரும். உள்ளேயோ, அடியில் தேங்கிய நீர் தகட்டை மெல்ல மெல்லக் கரைக்கும். புறத்தே புதிய வர்ணம் பளபளக்க, அடித்தகடு தாள்போல் மெலிந்திருத்தலுங் கூடும்.

அபாயம் இங்கேதான் உளது. 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு தாங்கியின் ஒரு முனையை 7 பார் அமுக்கம் தள்ளும் விசை, ஏறத்தாழ 9 தொன் பாரத்துக்குச் சமமாகும். அதன் பக்கத்திலே குந்தியிருந்து ரயர் கழற்றுபவன் பெரும்பாலும் வேலை பழக வந்த இளைஞன். தொழிற்சாலைகள் பற்றிய 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளைக் காலந்தோறும் பரிசோதிக்க வேண்டுமென விதிக்கின்றது. அப்பரிசோதனையில் தாங்கியைக் காற்றால் அன்றி நீரால் நிரப்பி அமுக்குவர். நீர் சுருங்காது; ஆதலின் தகடு பிளந்தாலும் வெடிப்பு நேராது. துளை விழுந்த தாங்கியை ஒட்டுவேலை செய்து மீண்டும் பாவிக்கும் வழக்கத்தை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளோம்.

காக்கும் வழிகளுள் முதன்மையானது செலவற்றது. ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து தாங்கி ஆறியபின், அடியிலுள்ள வடிகுழாயை மெதுவாகத் திறந்து, முகத்தை அப்பால் திருப்பி, நீர் முழுவதும் வெளியேறும்வரை விடுதல் வேண்டும். தானே வடிக்கும் வால்வும் விற்பனைக்கு உண்டு. துரு அதனை அடைத்துவிடுமாதலால், அதையும் அடிக்கடி பார்த்தல் அவசியம்.

அடுத்தது இடம். நிலத்தினின்று ஓரடி உயர்ந்த சீமெந்து மேடை, மேலே அகன்ற கூரை, கடற்பக்கம் ஒரு சுவர், ஏனைய பக்கங்கள் திறந்தவெளி: இவ்வமைப்பே இக்கரைக்கு ஏற்றது. காற்றை இழுக்கும் வாய் மேற்கு நோக்கியிருத்தல் நன்று. வாகனங் கழுவும் இடத்தருகே அதனை வைப்பவர் நீரையே இழுக்கின்றனர். மழைக்கு அஞ்சிச் சூடான அமுக்கியைப் பொலித்தீனால் இறுகப் போர்த்துதல் பெருந்தவறு. வெப்பமும் ஈரமும் அதனுள்ளே சிறைப்படும், மோட்டரும் கெடும்.

குழாய்கள் காற்றுச் செல்லும் திசையில் நூறு அடிக்கு ஓரடியாவது சரிந்திருத்தல் வேண்டும். சரிவின் முடிவிலே கீழ்நோக்கிய ஒரு குட்டைக் குழாயும் வடிவாயிலும் அமைப்பர். கிளைக்குழாயைத் தலைக்குழாயின் மேற்புறத்திலிருந்தே எடுத்தல் முறை. கீழ்ப்புறத்திலிருந்து எடுப்பின் நீர் நேரே வர்ணத் துப்பாக்கிக்குள் இறங்கிவிடும்.

ரயர் கடைக்கு இவ்வளவு போதும். அரிசி ஆலைக்குப் போதாது. பீச்சும் நுண்வால்வில் ஈரமும் தூசும் சேர்ந்து பசையானால், கெட்ட மணி நல்ல மணியோடு போய்விடும். அங்கே வளியைக் குளிரச்செய்து உலர்த்தும் பொறி வேண்டும். அது பனிபடுநிலையை ஏறத்தாழ 3 பாகைக்கு இறக்கும். உறைபனி அறியாத எமது கரைக்கு அஃது அமையும். ஆனால் அதனை வெயிலில் வைத்தலாகாது. தானே வெப்பமுற்ற பொறி வளியை எங்ஙனம் குளிர்விக்கும்?

வடித்த நீர் பல வேளைகளிற் பால்போல் வெண்மையாயிருக்கும்; அது அமுக்கியின் எண்ணெய் கலந்தது. அதனை வயல் வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றாது, ஒரு பீப்பாயிற் சேர்த்து வைத்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்தல் தகும்.