அதிமதுரமும் பிரஷர் மாத்திரையும்



மழை தொடங்கியதும் நம் வீடுகளில் கஷாயச் சட்டி அடுப்பில் ஏறிவிடுகிறது. சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெரியவர், "அதிமதுரம் கொரோனாவையே கொல்லும்னு ஜெர்மன்காரனே கண்டுபிடிச்சிருக்கான் தம்பி" என்று செல்போனில் வந்த செய்தியைக் காட்டினார். இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு வேளை குடிக்கிறாராம். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவர். செய்தியில் பாதி உண்மை இருப்பதால்தான் இதை விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது, பிராங்பர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸைக் கொண்டு சில மருந்துகளைச் சோதித்தார்கள். அவற்றில் அதிமதுர வேரிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருளே வைரஸ் பெருகுவதை நன்றாகத் தடுத்தது. லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு அது. அந்த வைரஸ் 2019-ல் வந்த கொரோனாவுக்கு உறவுதான், அதுவே அல்ல.

ஆனால் சோதனை நடந்தது குரங்கின் சிறுநீரகச் செல்களை வளர்த்த தட்டில். வைரஸின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கவே லிட்டருக்கு 300 மில்லிகிராம் தேவைப்பட்டது. நாம் குடிக்கும்போதோ, குடலிலுள்ள பாக்டீரியாக்கள் கிளைசிரைசினை உடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் பெரும்பாலும் சேர்வது கிளைசிரெட்டினிக் அமிலம். தட்டில் வைரஸைத் தொட்ட பொருள் வேறு, நம் உடம்பில் ஓடும் பொருள் வேறு.

அந்த அமிலம் சிறுநீரகத்தில் வேறொரு வேலை செய்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோனை அங்கே அடக்கி வைக்கும் நொதியை அது தடுக்கிறது. அதனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். கால் வீங்கலாம், தசை தளரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

"குடித்தேன், ஐந்து நாளில் சளி போச்சு" என்பார்கள். குடிக்காதவருக்கும் சாதாரண சளி ஒரு வாரத்தில் போய்விடுகிறதே! அதனால்தான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மூலிகையும் மற்றதற்கு அதேபோலத் தோன்றும் வெறும் பொருளும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

மூலிகையை ஆராய்வது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆடாதோடை இலையிலுள்ள வாசிசினை ஆராய்ந்ததிலிருந்துதான், இன்று இருமல் மருந்துகளில் இருக்கும் புரோம்ஹெக்சின் பிறந்தது. அதன் வேலை சளியை இளக்குவது.

பெரியவருக்கு அன்றே பிரஷர் பார்த்தோம், கூடுதலாகத்தான் இருந்தது. கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகச் சொன்னோம். மாத்திரையை மட்டும் அவராக நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினோம்.

நமது மாதாந்திர மருத்துவ முகாமுக்கு வருபவர்கள், வீட்டில் குடிக்கும் பொடிப் பொட்டலத்தையும் மாத்திரைச் சீட்டோடு எடுத்து வந்து டாக்டரிடம் காட்டுங்கள்.