கதீட்டரால் நேரும் நுரையீரல் தமனிக் கிழிவு

கதீட்டரால் நேரும் நுரையீரல் தமனிக் கிழிவு என்பது, இதயத்தின் வழியே நுரையீரல் தமனிக்குள் செலுத்தப்படும் மெல்லிய குழாயால் (கதீட்டர்) அத்தமனியின் சுவர் கிழிந்து, குருதி மூச்சுக்குழாய்களுக்குள் பாயும் நிலை ஆகும். இது அரிதானது, இக்குழாய் செலுத்தப்படுவோரில் பத்தாயிரத்துக்கு 3 முதல் 20 பேருக்கு நேர்வதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஆயினும் நேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறக்கின்றனர்.

காரணம்

நுனியில் சிறு பலூன் கொண்ட இக்குழாயை 1970 இல் லாஸ் ஏஞ்சலிசில் செரமி சுவான், வில்லியம் கான்ஸ் ஆகியோர் அறிமுகப்படுத்தினர். கழுத்திலோ தொடையிலோ உள்ள சிரை வழியாகச் செலுத்தப்படும் குழாயைக் குருதியோட்டமே நுரையீரல் தமனிக்கு இழுத்துச் செல்லும். அங்கு ஏறக்குறைய 1.5 மில்லிலீட்டர் காற்றால் பலூனை ஊதி, இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தை மறைமுகமாக அறிவர். நுனி நகர்ந்து குறுகிய கிளைக்குள் சென்றிருக்கும்போது பலூனை ஊதினால் சுவர் கிழியும். நுனியே குத்துவதும் உண்டு. முதியோர், நுரையீரல் தமனியில் உயர் அழுத்தம் உள்ளோர், குருதி உறையாமைக்கு மருந்து பெறுவோர் ஆகியோருக்கு இடர் மிகுதி.

சிகிச்சை

திடீரென இருமலுடன் குருதி வெளிப்படுவதே முதன்மை அறிகுறி. இந்நோயாளிகளைக் கொல்வது பெரும்பாலும் குருதியிழப்பு அன்று, மூச்சடைப்பே. காற்றைக் கொண்டுசெல்லும் மூச்சுக்குழாய்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 150 மில்லிலீட்டர் மட்டுமே. அவை நிறைய ஒரு குவளைக் குருதி போதும். எனவே மருத்துவரின் முதல் வேலை நலமான நுரையீரலைக் காப்பதாகும். குருதி கசியும் பக்கம் கீழிருக்குமாறு நோயாளி படுக்க வைக்கப்படுவார். இரு நுரையீரல்களையும் தனித்தனியே பிரிக்கும் இரட்டைக் குழாய் தொண்டை வழியாகச் செலுத்தப்படும், அல்லது காயமுற்ற பக்கத்தின் மூச்சுக்கிளை பலூனால் அடைக்கப்படும். ஹெப்பாரின் தரப்பட்டிருந்தால் அதன் விளைவு புரோட்டமைனால் முறிக்கப்படும்.

நுரையீரல் தமனியின் உச்ச அழுத்தம் இயல்பாக 25 மிமீ பாதரசம் அளவே. கையில் அளக்கும்போது இது 120 ஆக இருக்கும். இதனாலேயே சில கிழிவுகளில் குருதிக்கசிவு தானாக நிற்கிறது. ஆனால் நின்றதை நம்பி விட்டுவிடலாகாது. கிழிந்த இடத்தைச் சுற்றி, முழுமையான சுவரற்ற குருதிப்பை (போலித் தமனி வீக்கம்) உருவாகி, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து வெடிக்கக்கூடும். ஆகவே குருதி நின்ற பின்னரும் நிறப்பொருள் செலுத்திய சி.டி. படம் எடுக்கப்படுகிறது.

பை கண்டறியப்பட்டால், காயத்தை உண்டாக்கிய அதே வழியே தீர்வுக்கும் பயன்படுகிறது: தொடைச் சிரையிலிருந்து வேறொரு கதீட்டரைச் செலுத்தி, ஊடுகதிர் உதவியுடன், மெல்லிய உலோகச் சுருள்களால் கிழிந்த கிளையை அடைப்பர். இதய அறுவையின்போது கிழிவு நேர்ந்தால் இதய-நுரையீரல் இயந்திரம் நோயாளியைத் தாங்க, அறுவை மருத்துவர் தமனியைத் தைப்பார், அல்லது நுரையீரலின் ஒரு மடலை அகற்றுவார்.

தடுப்பு

பலூனை மெதுவாக, அழுத்த அலையைப் பார்த்தவாறே ஊத வேண்டும். அளந்தவுடன் காற்றை வெளியேற்ற வேண்டும். இதய அறுவையில் இயந்திரத்துடன் இணைக்கும் முன் குழாயைச் சில சென்டிமீட்டர் பின்னிழுப்பது வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இக்குழாய் இறப்பைக் குறைப்பதில்லை என 2005 இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. இதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்த இதன் பயன்பாடு பின்னர் மேலும் சுருங்கியது.